ஆயிரத்தெட்டோடு ஒருவர்

முன்னொரு காலத்தில் வேங்கைநாட்டைக் கோமாறன் என்றொரு ராசா ஆண்டான். நல்ல மனுஷன்தான். ஆனால் கோபம் வந்துவிட்டால் யார் சொல்லும் காதில் ஏறாது. அப்படி ஒரு கோபத்தில்தான், வரி கட்டாத மலையூர்க்காரர்களைக் கூண்டோடு பிடித்துவரச் சொன்னான். கைக்குழந்தை முதல் கிழவர் வரை ஆயிரத்தெட்டுப் பேர். அரண்மனை முற்றத்தில் சுற்றிலும் கயிறு கட்டி உள்ளே உட்கார வைத்தார்கள்.

"அத்தனை பேரும் இனி அடிமை. படைத்தலைவர்களுக்குப் பங்கு போடுங்கள்" என்றான் ராசா.

அமைச்சர் மருதவாணர் எவ்வளவோ மன்றாடினார். "சபையில் சொன்ன சொல்லை மாற்ற மாட்டேன்" என்று ராசா முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு, கேளுங்கள். கயிற்றுக்குள் இருக்கிற எல்லாம் கொள்ளைக் கணக்கில் சேரும். பங்கு எல்லோருக்கும் சமமாக விழ வேண்டும். ஒன்று மிஞ்சினாலும் மொத்தமும் கொற்றவை அம்மனுக்குப் போய்விடும். மனுஷர் என்றால் விடுதலை. படைத்தலைவர்கள் நாற்பது பேர். அவர்களில் எத்தனை பேருக்குப் பங்கு என்பது சேனாதிபதி செங்கண்ணன் இஷ்டம், இரண்டு பேருக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான்.

செங்கண்ணனுக்கு மருதவாணரைக் கண்டாலே வயிற்றெரிச்சல். "முப்பத்தாறு பேருக்கு ஆளுக்கு இருபத்தெட்டு. கச்சிதமாகப் போகிறது அரசே" என்றான்.

மருதவாணர் தலைப்பாகையைக் கழற்றி ஆசனத்தில் வைத்தார். படியிறங்கிப் போய், கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்து, ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அமைச்சரே, எழுந்து வாரும்" என்றான் ராசா.

செங்கண்ணன் முந்திக்கொண்டான். "வழக்கம் எல்லோருக்கும் ஒன்றுதானே அரசே? இப்போது ஆயிரத்தொன்பது. இவர் என் பங்கில் வரட்டும், குதிரைக்குப் புல் வெட்டட்டும்."

"சரி, பிரி" என்றான் ராசா.

முப்பத்தாறாகப் பிரித்தான். ஒருவர் மிச்சம். பதினொன்றாக்கினான், எட்டுப் பேர் மிச்சம். பத்தொன்பதில் இரண்டு பேர். நாற்பதில் ஒன்பது பேர். இரண்டிலிருந்து நாற்பது வரை எல்லாம் பார்த்துவிட்டான். பாவி மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"இது ஏதோ மந்திரம் அரசே."

"மந்திரமெல்லாம் இல்லை" என்றார் மருதவாணர். "ஆயிரத்தெட்டைப் பல விதமாகக் கூறு போடலாம். ஒன்று கூடினால் அது பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் வகுபடாது."

ராசா அவர் பக்கம் திரும்பினான். "ஒரு காவலனை உள்ளே அனுப்பியிருக்கலாமே, நீர் ஏன் போனீர்?"

"கணக்குப் போட்டது நான். தப்பாகியிருந்தால் அவனல்லவா அடிமையாகியிருப்பான்?"

ராசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "செங்கண்ணா, பேராசைப்பட்டு நீதான் அவரைக் கணக்கில் சேர்த்தாய். கயிற்றையும் நீயே அவிழ்" என்றான். சேனாதிபதி மண்ணில் மண்டியிட்டு ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தான். ராசா தலைப்பாகையைத் தானே எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தான்.

மருதவாணர் எழவில்லை. "நான் முதலில் எழுந்தால் மறுபடி ஆயிரத்தெட்டாகிவிடும் அரசே. அவர்கள் போகட்டும்."

கடைசிக் குழந்தை வாசலைத் தாண்டும் வரை, தலைப்பாகையைக் கையில் ஏந்தியபடி ராசா நின்றுகொண்டே இருந்தான்.