தவசிலிங்கம் அண்ணன் வாங்கிய மதர்போர்டு

எங்கள் தவசிலிங்கம் அண்ணன் யாரையும் ஏமாற்றப் பொய் சொன்னதில்லை. அவர் வாய்க்குள் போகும் நாலு, வெளியே வரும்போது நாற்பதாகிவிடும், அவ்வளவுதான். அம்மன் எனக்குக் கொடுத்தது ஒரே ஒரு அண்ணன். பேச்சைக் கேட்டால் வீட்டில் ஏழு அண்ணன் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. பத்திரகாளியம்மன் கோயிலில் விளக்குப் போட்டுவிட்டு வந்திருந்தேன். வேண்டுதல் என் மகன் காளிராஜுக்காக. அவன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து காலண்டருக்குப் படம் டிசைன் பண்ணிக் கொடுக்கிறான். சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்றைக்கு வெளியிடுவார்கள். அதற்குப் பன்னிரண்டே நாள் இருக்கும்போது இவன் கம்ப்யூட்டர் புகைந்து படுத்துவிட்டது. சாமி படமெல்லாம் பத்திரமாக இருக்கிறது, திறந்து வேலை பார்க்கத்தான் மிஷின் இல்லை. இந்த ஆடியை விட்டால் வேலை கொடுத்த பிரஸ்காரர் இவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

சென்னையில் ஒரு கடைக்காரர் இரண்டு மதர்போர்டு வைத்திருப்பதாகச் சொன்னார். ஒன்றில் ஒரு பிராசஸர் மாட்டலாம், இன்னொன்றில் இரண்டு மாட்டலாம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பிராசஸர் என்றால் மூளை, மதர்போர்டு என்றால் அந்த மூளையும் மற்றதெல்லாமும் வந்து உட்காருகிற பலகை என்று மகள் செல்விதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஒற்றைப் பலகையில் நாலு மெமரிதான் ஏறுமாம். காளிராஜின் பெரிய படங்களுக்கு ஆறு வேண்டும். அதனால் இரட்டைப் பலகையை வாங்கி, இப்போதைக்கு ஒரே பிராசஸரை மாட்டி ஓட்டிவிட்டு, தை மாதம் காசு வந்ததும் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தான்.

நாலு மணிக்குள் போனில் சொன்னால்தான் அன்றைய லாரியில் பார்சல் ஏறும். பெட்டியைப் பிரித்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள். மூன்றே கால் இருக்கும், அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றினார்.

“என்ன மாப்ளே, மூஞ்சி தொங்கிக் கெடக்கு?”

காளிராஜ் சொன்னான். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“மதர்போர்டா? இத மொதல்லயே எங்கிட்டல்ல கேக்கணும்! இந்த ஊருக்கு ரெட்டப் பிராசஸர் போர்டக் கொண்டாந்ததே நான்தான.”

“எப்ப மாமா? பேப்பர் கட்டிங் பட்டறைல வேல பாக்கும்போதா?” என்றாள் செல்வி.

“பட்டறை வயித்துக்கு. இது மூளைக்கு. கேளு கழுத. சென்னையில அந்தக் கடைத்தெருவுக்குள்ள நான் நொழஞ்சேன்னு வையி, கடைக்காரன் பூராம் ஷட்டர எறக்கிருவான். இருக்குறதுல நல்ல போர்டாப் பொறுக்கிட்டுப் போயிருவேன்னு பயம். தேங்காயத் தட்டிப் பாக்குற மாதிரி நகத்தால ஒரு சுண்டு சுண்டுவேன். ணங்குன்னா நல்ல போர்டு. சொத்துன்னா அதுல கோளாறு. அன்னிக்கு முந்நூறு போர்டச் சுண்டுனேன். சத்தத்தக் கேட்டு, எங்கயோ பூசை ஆரம்பிச்சிருச்சுன்னு சனம் கன்னத்துல போட்டுக்கிட்டு ஓடியாருது.”

நான் காபியும் காராசேவும் கொண்டுவந்து வைத்தேன். அண்ணன் நடுவில் நிறுத்தினால் திரும்ப முதலில் இருந்து தொடங்குவார். அதனால் பேசாமல் உட்கார்ந்துகொண்டேன்.

“எம்புட்டுப் பெரிய போர்டு மாமா வாங்குனிய?” என்றாள் செல்வி.

“நான் கேட்டது ரெண்டு பிராசஸர்தான். கடைக்காரரு நான் சுண்டுன அழகப் பாத்துட்டு, ‘அண்ணாச்சி, உங்களுக்குன்னே ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்’னு உள்ள கூட்டிட்டுப் போனாரு. அறுபத்து நாலு பிராசஸர்! வீட்டுக்குக் கொண்டாந்து கம்ப்யூட்டர் கேபினட்டுல வச்சா அடங்கல. பீரோவுல வச்சேன், அடங்கல. கடைசில உங்க அத்தையத் தட்டுமுட்டுச் சாமானோட வெளிய உக்கார வச்சிட்டு, வீட்டையே கேபினட்டா ஆக்கிட்டேன். நாலு சன்னல்லயும் நாலு ஃபேன்.”

“நாங்க தீவாளிக்கு வந்தமே. வீடு வீடாத்தான இருந்துச்சு?”

“மூடி போட்டிருந்தேன்ல.”

செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். காளிராஜ் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தான்.

“அம்புட்டுப் பிராசஸர் ஓடுனா சூடு தாங்குமா மாமா?” என்றாள் செல்வி.

“அப்பிடிக் கேளு! மொத நாளு சுவிட்சப் போட்டேன். தெருவுல காயப்போட்ட வத்தலெல்லாம் தானாப் பொரிஞ்சு போச்சு. பட்டாசுக் கம்பெனிக்காரங்க பதினெட்டுப் பேரு கையெடுத்துக் கும்புட்டுக்கிட்டு வந்துட்டாங்க. ‘அண்ணாச்சி, மூணு கிலோமீட்டருக்கு ஒரு திரியக் கீழ வைக்க முடியல, அணைச்சிருங்க’ன்னு. அணைப்பனா? பிராசஸர் தலையில ஒரு பேஸ்ட்டத் தடவுவாங்கல்ல, சூட்டுக்கு? அதெல்லாம் நமக்குச் சரிப்படாது. அசல் சந்தனக் கட்டைய ஒரசி, வட்டமாப் பூசி, நடுவுல ஒரு குங்குமம். அம்புட்டுத்தான். அக்கினி நட்சத்திரம் அன்னிக்கு, போர்டு மேல வச்ச மோரு ஐஸா ஒறஞ்சு போச்சு.”

“பிராசஸர் மேல சந்தனமா?” காளிராஜுக்கு நிஜமாகவே வலித்தது.

“ஏய்யா, சாமிக்குக் குளுகுளுன்னு இருக்கு. ஒம் பிராசஸருக்கு ஆகாதோ?”

சந்தனம், சாமி என்றதும் என் கை தன்னால் குவிந்துவிட்டது. செல்வி என்னை முறைத்தாள்.

“வேகம் இருக்கே, அதச் சொன்னா நம்ப மாட்டிய,” என்றார் அண்ணன்.

“இதுவரைக்கும் சொன்னத நம்பிட்டமாக்கும்?”

“டெய்லி ஷீட் காலண்டரு அடிக்க விட்டேன். தானா அடிச்சு, தானா ஆணி அறைஞ்சு, தானாத் தேதியக் கிழிக்கும். ஒருக்கா அணைக்க மறந்துட்டுக் கோயிலுக்குப் போயிட்டேன். ஆடி மாசம் போனவன் திரும்பி வந்தா, தை மாசத்துல நிக்கேன். வாசல்ல பொங்கப்பான. பக்கத்து வீட்டுக்காரரு, ‘என்ன அண்ணாச்சி, தீவாளிக்குக்கூட ஆளக் காணமே’ங்காரு. கிழிஞ்ச தாளப் பூராம் பொறுக்கி, பசையத் தடவி, ஒவ்வொண்ணா ஒட்டி ஒட்டில்ல ஆடிக்கு வந்து சேந்தேன்! கார்த்திகையில ஒரு தாள் கிடைக்கல. அந்த நாள நான் இன்னும் வாழவே இல்ல, தெரியுமா?”

மணி மூன்று நாற்பது. காளிராஜ் எழுந்து போனை எடுத்தான்.

“சரிம்மா, சொல்லிருதேன். ரெட்ட போர்டு, ஒரு பிராசஸர்.”

அண்ணன் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஒண்ணு மட்டுமா மாட்டப்போற? வேண்டாம் மாப்ளே. அறுபத்து நாலுக்கு முந்தி எங்கிட்ட ஒரு ரெட்ட போர்டு இருந்துச்சு. நானும் ஒண்ணுதான் மாட்டுனேன். பாதிப் போர்டு செத்துக் கெடந்துச்சு.”

“ஏன் மாமா?”

“மெமரி மாட்ட எட்டு எடம் இருக்கும். நாலு இந்த மூளைக்கு, நாலு அந்த மூளைக்கு. ஒரே வீட்டுல ரெண்டு மருமகளுக்குத் தனித்தனி அடுப்பு வச்ச மாதிரி. எளையவ இன்னும் வந்து சேரலைன்னா அவ அடுப்ப யாரு பத்த வப்பா? மூத்தவ தொடமாட்டா.”

“ஆரம்பிச்சிட்டாருப்பா,” என்றாள் செல்வி. “ரெண்டு மூளைக்கும் நடுவுல ஓரகத்திச் சண்ட வந்துச்சா மாமா?”

எனக்கு மட்டும் அதில் ஒன்று இடித்தது. அண்ணன் சொன்னதை மனசுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். எட்டு என்றார். அந்த எட்டு எண்பதாகவில்லை. நாலு நாலாகவே இருந்தது. அவர் வாயில் ஒரு எண் வளராமல் நின்று நான் பார்த்ததே இல்லை.

“காளி, அந்தக் கடைக்காரர்ட்ட இத ஒரு வார்த்த கேட்டுருய்யா,” என்றேன்.

“யம்மா, மோரு ஒறஞ்சதையும் சேத்துக் கேக்கச் சொல்லவா?”

“அது வேண்டாம்டி. இத மட்டும்.”

காளிராஜ் கேட்டான். அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்கக் கேட்க அவன் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். ஒரு பிராசஸர் மட்டும் போட்டால் நாலு மெமரிக்கு மேல் வேலை செய்யாதாம். ஒரே ரகத்தில் இரண்டு போட்டால்தான் எட்டு இடமும் உயிர் பெறுமாம். அவன் நினைத்தபடி வாங்கியிருந்தால் ஆறு மெமரியையும் கையில் வைத்துக்கொண்டு ஆடிப்பெருக்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

“பெரிய பிராசஸர் ஒண்ணு வேண்டாம்ண்ணே. அதே காசுக்குச் சின்னதா, ஒரே மாதிரி ரெண்டு போட்டுருங்க. இன்னிக்கே ஏத்திருங்க,” என்று சொல்லி வைத்தான். மூன்று ஐம்பத்திரண்டு. தாயே என்று நான் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன்.

அண்ணன் காலை நீட்டிக்கொண்டார். செல்விக்கு மட்டும் மனசு ஆறவில்லை. உடனே அண்ணன் சம்சாரம் ஜெயக்கொடி மதினிக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

“அத்தே, மாமாட்ட நெசமாவே ரெட்டப் பிராசஸர் போர்டு இருந்துச்சா?”

“இருந்துச்சாவா? இப்பவும் இருக்கே! பழைய சாமான் கடைல வாங்கி ஏழு வருசமாச்சு. ஒரு மூளைய மாட்டி ஒரே ஒரு நாளு ஓட்டிப் பாத்தாரு. பாதிதான் ஓடுதுன்னு கழத்திச் சாமி அலமாரில சாத்தி வச்சாரு. இன்னொரு மூள வாங்குதேன் வாங்குதேன்னு இன்னி வரைக்கும் வாங்கல. அதுக்கப்புறம் அது கரண்டையே கண்டதில்ல. ஆயுத பூச தவறாம சந்தனமும் குங்குமமும் மட்டும் அப்பிருவாரு. இப்ப எது போர்டு, எது சந்தனம்னே தெரியல.”

செல்வி கையைக் கட்டிக்கொண்டு மாமாவைப் பார்த்தாள். காளிராஜ் முதல் தடவையாகச் சிரித்தான். அண்ணன் அவசரப்படவில்லை. காராசேவில் ஒன்றைப் பொறுக்கி எடுத்து, மென்று முடித்து, போன் பக்கம் குனிந்தார்.

“ஜெயக்கொடி, சாமி அறையில நிக்கிற மாதிரி நெனச்சுச் சொல்லு. சந்தனம் பூசுன இந்த ஏழு வருசத்துல, அந்தப் போர்டு ஒரு நாளாவது சூடு ஏறுச்சா?”

மதினி உள்ளதைச் சொன்னாள்.

“ஏறல.”

அண்ணன் எங்களைப் பார்த்தார். “அம்புட்டுத்தான்,” என்று சொல்லி, காலி டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.