பனிச்சி வாலைத் தாழ்த்திய கதை

அந்தக் காலத்தில் பறவைகள் எல்லாம் ஒரே மொழி பேசின. வழக்கங்கள் மட்டும் ஊருக்கு ஊர் வேறாக இருந்தன. இமயமலைக்கு அப்பால் பனிச்சி என்றொரு குருவி இருந்தாள். உடம்பு சின்னது, வால் நீளம். அந்த வாலை எந்நேரமும் விறைப்பாக நிமிர்த்தியே வைத்திருப்பாள்.

ஒரு வருஷம் குளிர் தாங்காமல் தெற்கே பறந்து வந்து, ஓர் ஏரிக்கரையில் இறங்கினாள். நல்ல பசி.

"ஊருக்குப் புதுசாம்மா?" என்றது கரையில் நின்ற கொக்கு. "இங்கே நடக்கும் முன்னால் வாலைத் தாழ்த்தி, 'வரலாமா?' என்று கேட்க வேண்டும். பதில் வந்த பிறகுதான் கால் வைப்போம்."

பனிச்சிக்குச் சிரிப்பு வந்தது. "யாரிடம் கேட்பது? வெறும் கல்லும் மண்ணும்தானே கிடக்கிறது. எங்கள் ஊரில் இதெல்லாம் கிடையாது, அண்ணே."

சொல்லிக்கொண்டே ஒரு பூச்சியைத் துரத்தி ஓடினாள். ஓடின வேகத்தில் ஒரு கல் காலில் இடறி, சரிவில் உருண்டு, தண்ணீரில் 'களுக்' என்று விழுந்து மூழ்கியது.

"ஐயோ, என் முட்டை!" என்று அலறிக்கொண்டு ஆள்காட்டிக் குருவி பறந்து வந்தாள்.

அப்போதுதான் பனிச்சி கீழே பார்த்தாள். கற்களுக்கு நடுவே, கற்களைப் போலவே புள்ளி போட்ட மூன்று முட்டைகள். பக்கத்தில் ஒரு வெறும் பள்ளம். ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டுவதில்லை, தரையில்தான் முட்டையிடுவாள். யாராவது கேட்டால், "இந்தப் பக்கம் வேண்டாம்" என்று குரல் கொடுப்பாள். வழக்கம் வந்தது அதற்காகத்தான்.

யாரும் பனிச்சியை விரட்டவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பறந்து போய்விடலாம் என்று சிறகை விரித்தாள், பிறகு மடக்கிக்கொண்டாள்.

"அக்கா, தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்குச் சொன்னார்கள். நான்தான் கேட்கவில்லை."

ஆள்காட்டி மிச்சமிருந்த மூன்றையும் அணைத்து உட்கார்ந்தாள். பிறகு, "பசியோடு வந்திருக்கிறாய். போய்ச் சாப்பிடு. பார்த்து நட" என்றாள்.

பனிச்சி வாலைத் தாழ்த்தினாள். "வரலாமா?"

"வா."

ஓர் அடி வைத்தாள். அடுத்தது கல்லோ, முட்டையோ? மறுபடியும் வாலைத் தாழ்த்திக் கேட்டாள்.

அன்று முதல்தான் பனிச்சியின் வம்சமான வாலாட்டிக் குருவி அடிக்கொரு தரம் வாலைத் தாழ்த்தி நடக்கிறது. கோடையில் தன் சொந்த ஊருக்குத் திரும்பிப் போன பிறகும்கூட.