வாய் நிறையத் தண்ணீர்

செங்குளம் பாளையத்து ராஜாவுக்கு ஒரு வைத்தியர் வாய்த்தார். திருமேனிநாதர் என்று பெயர். அடுத்த தெருவுக்குப் போகவும் பல்லக்கு கேட்கிற ஆள். அவர்தான் ஓடுகிறவர்களுக்கு விதி எழுதினார்.

"மூக்கால் மூச்சு விடுகிறவன் நூறு வயது இருப்பான். வாயால் விடுகிறவன் நாய்" என்றார். ராஜா தலையாட்டினார். ராஜாவுக்கு வேறென்ன வேலை?

அன்றிலிருந்து செய்தி கொண்டுவரும் ஓட்டக்காரன் எல்லைச் சாவடியிலேயே வாய் நிறையத் தண்ணீர் அடைத்துக்கொள்ள வேண்டும். அரண்மனைக்கு வந்து வைத்தியரின் வெள்ளிக் கிண்ணத்தில் துப்ப வேண்டும். முதல் தடவை குறைந்தால் மன்னிப்பு. மறு தடவை பன்னிரண்டு சாட்டையடி, வேலையும் போச்சு.

இருபது வருஷமாக ஓடுகிற இருளப்பன், அரசவைப் புலவர் பேச்சிமுத்துவிடம் வந்து நின்றான்.

"சாமி, சமதரையில மூக்கு போதும். கரட்டு மேட்டுல வாய் தானா தொறந்துக்குது. நேத்து பாதித் தண்ணி உள்ள போயிட்டு. இனி குறைஞ்சா முதுகுத் தோல் மிஞ்சாது."

"ஓடணும்னு விதியில இருக்கா?"

"இல்லையே சாமி."

"அப்ப நட. போ."

மறுநாள் சாவடியில் செய்தி: ராஜாவின் மாமனார் வருகிறார். இருளப்பன் வாயில் தண்ணீரை அடைத்தான். நடந்தான். பாதி வழியில் மாமனாரின் பல்லக்கு அவனைத் தாண்டிப் போயிற்று. கும்பிட்டான். நடந்தான்.

அரண்மனையில் ராஜா கோவணத்தோடு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். மேளம் இல்லை, மாலை இல்லை. மாமனார் பார்த்தார்.

"ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை" என்று வந்த வழியே திரும்பிவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து இருளப்பன் வந்தான். வேர்வை ஒரு பொட்டு இல்லை. வைத்தியர் கிண்ணத்தை நீட்டினார்.

"பாருங்கள் மகாராஜா! சொட்டு குறையவில்லை. இரைப்பு உண்டா?"

இருளப்பன் வாயைத் துடைத்தான். "மகாராஜா, உங்க மாமனார் வர்றாருங்க."

"அடேய்! அவரு வந்து கோவிச்சிட்டுப் போயாச்சு. ஏண்டா ஓடி வரல?"

புலவர் முன்னால் வந்தார். "நான்தான் நடக்கச் சொன்னேன். ஓடினால் வாய் திறக்கும், திறந்தால் சாட்டை."

"பொய்! வாயை மூடிக்கொண்டே ஓடலாம்" என்று குதித்தார் வைத்தியர்.

"அப்படியானால் நீரே ஓடும். பல்லக்கு இன்னும் குளக்கரை தாண்டியிருக்காது."

"ஓடுமய்யா!" என்றார் ராஜா.

வைத்தியர் ஓடினார். பல்லக்கைப் பிடித்தும் விட்டார், அதன் முன்னால் விழுந்து. மாமனாருக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. வைத்தியரைப் பல்லக்கில் தூக்கிப் போட்டுக்கொண்டு, தான் நடந்தே திரும்பி வந்தார்.

பல்லக்கை எட்டிப் பார்த்தார் ராஜா. "வைத்தியரே, மூச்சு எந்த வழியா வருது?"

வைத்தியர் ஆவென்று இரைத்தார்.

"அவர் வாய் வேலையாக இருக்கிறது மகாராஜா. மூக்கைக் கேளுங்கள், அதுதான் சும்மா இருக்கிறது" என்றார் புலவர்.

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். விதி அன்றோடு ஒழிந்தது. வெள்ளிக் கிண்ணம் கஞ்சி குடிக்க இருளப்பன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.