முதுகைப் பாரு

ஆலடிக் குளத்தில் நாரைகளுக்கும் நீர்க்காகங்களுக்கும் சண்டை மூண்டது. கோடையில் தண்ணீர் வற்றி மீன் குறைந்துபோனதுதான் காரணம். ஆனால் மீனுக்காகச் சண்டை என்று சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் வாய் வரும்? "நம்ம மானம் போச்சு" என்றார் நாரைத் தலைவர் நெடுங்காலர். "எங்க உரிமை போச்சு" என்றன நீர்க்காகங்கள்.

நாரைகளின் பக்கம் ஒரு பாட்டுக்காரன் இருந்தான். மஞ்சள்மூக்கன் என்ற மைனா. அவன் பாடினால் நேற்றுப் பொரித்த குஞ்சும் நெஞ்சை நிமிர்த்தும். "மார்பில் புண் வாங்கி வாருங்கள்! முதுகில் புண் வாங்கியவனுக்கு இந்தக் குளத்துத் தண்ணீர் எதற்கு?" என்று அவன் பாட, நாரைகளும் அவற்றோடு சேர்ந்த சின்னப் பறவைகளும் நடுக்குளத்துக் கருவேலமரத்தை நோக்கிப் பாய்ந்தன. அங்கேதான் நீர்க்காகங்களின் கூடுகள் இருந்தன.

பாடியவன் எங்கே போனான் என்று கேட்கிறீர்களா? பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்களே, அந்த ரகம். கரையோரத்து மருதமரப் பொந்தில் புகுந்து கண்ணை இறுக மூடிக்கொண்டான். வெளியே அலறல் கேட்டது. சிறகடிப்பு கேட்டது. அவன் கண்ட போர் அவ்வளவுதான்.

எந்தப் பக்கமும் ஜெயிக்கவில்லை. இரண்டு பக்கமும் களைத்துப்போய்த் திரும்பின.

போர் முடிந்தால் 'புண் பார்த்தல்' என்று ஒரு வழக்கம் அந்தக் குளத்தில் உண்டு. எல்லாப் பறவைகளும் கரையில் வரிசையாக நின்று சிறகை விரித்துக் காயத்தைக் காட்ட வேண்டும். மார்பில் புண் பட்டவனுக்கு முதல் மீன். முதுகில் புண் பட்டவன் குளத்தை விட்டே போக வேண்டும். ஒவ்வொருவரைப் பற்றியும் பாட்டுக்காரன் பாட்டுக் கட்டுவான்.

வரிசையின் கடைசியில் அமுங்கி என்பவன் நின்றான். தவிட்டு நிறத்தில் சின்னஞ்சிறு முக்குளிப்பான் அவன். யாராவது வந்தால் தண்ணீருக்குள் அமுங்கிவிடுவான். அதனால் அந்தப் பேர். அவன் முதுகில் ஆழமாக ஒரு துளை இருந்தது.

"முதுகிலா?" என்றார் நெடுங்காலர். "எப்படி வந்துச்சு? சொல்லு."

அமுங்கி வாயைத் திறக்கவில்லை. மூன்று முறை கேட்டும் தலையைக் குனிந்தபடியே நின்றான்.

மஞ்சள்மூக்கனுக்கு அது அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்தது. தான் பொந்தில் கிடந்ததை யாரும் நினைத்துப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்றால், இன்னொரு கோழை கிடைக்க வேண்டாமா? அந்த இடத்திலேயே கட்டினான் ஒரு பாட்டு:

"அமுங்கி அமுங்கி எங்கே போனான்?
அடிவிழும் முன்னே ஓடிப் போனான்!
முதுகைப் பாரு, முதுகைப் பாரு,
மூக்குப் பதிஞ்ச முதுகைப் பாரு!"

கரையே சிரித்தது. குஞ்சுகள் உடனே மனப்பாடம் செய்துவிட்டன. அமுங்கி தன் பெண்டாட்டி பிள்ளைகளோடு கரைக்கு அப்பால் இருந்த குட்டைக்குப் போனான். எருமை படுத்தால் நிரம்பிவிடும் குட்டை அது. நாளுக்கு நாள் சேறாகிக்கொண்டு வந்தது. பாட்டு மட்டும் வற்றவில்லை.

கோடை முற்றியது. சண்டை பயத்தில் இரண்டு கூட்டமும் நிம்மதியாக மீன் பிடிக்க முடியவில்லை. குஞ்சுகள் பசியால் துவண்டன. அப்போது நீர்க்காகக் கூட்டத்தின் மூத்தவள் கருஞ்சிறகி தன்னந்தனியாகப் பறந்து வந்து நாரைகளின் கரையில் இறங்கினாள்.

"நீங்க எங்க மரத்தை உலுக்கினப்போ என் மகளோட குஞ்சு ரெண்டு தண்ணியில விழுந்துச்சு. கண்ணுகூடத் திறக்கலை" என்றாள். "உங்க பக்கத்து ஆள் ஒருத்தர் அதுங்களை உங்க கரைப் பக்கமாத் தூக்கிட்டுப் போனதை மேலே இருந்து பார்த்தேன். தண்ணி தெறிச்சதுல ஆள் யாருன்னு தெரியலை. அப்படி ஒருத்தர் உங்களுக்குள்ள இருந்தா உங்களை நம்பலாம்னு எங்க கூட்டம் சொல்லுது. அவரைக் காட்டுங்க. இன்னையோட சண்டையை விட்டுடலாம்."

எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

"நம்ம பாட்டுக்காரனுக்குத் தெரியாததா?" என்றார் நெடுங்காலர். "யார் யாரை எங்க அடிச்சாங்கன்னு ஒண்ணு விடாம பாடினவனாச்சே. சொல்லுப்பா, யாரு அது?"

மஞ்சள்மூக்கன் கிளை மாறி உட்கார்ந்தான். அவன் என்னத்தைக் கண்டான்? பொந்தின் இருட்டைத்தான் கண்டான். ஆனால் ஒன்று நினைவுக்கு வந்தது. இந்தக் குளத்தில் குஞ்சைச் சுமக்கும் பறவை முக்குளிப்பான் ஒன்றுதான். அது முதுகில்தான் சுமக்கும்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. நீர்க்காகத்தின் மூக்கு கொக்கி போல வளைந்தது. கொத்தினால் சதை கிழியும். அமுங்கியின் முதுகில் இருந்ததோ நேரான துளை. அதைக் கண்ணால் பார்த்தவன் அவன். பார்த்துவிட்டு எதுகை தேடியவனும் அவன்தான்.

"கொஞ்சம் பொறுங்க, தலைவரே" என்று சொல்லிவிட்டுக் குட்டைக்குப் பறந்தான்.

குட்டையில் முழங்கால் அளவுச் சேறு. அதில் அமுங்கி நீந்த முடியாமல் ஊர்ந்துகொண்டிருந்தான். அவன் முதுகில் இரண்டு கறுப்புக் குஞ்சுகள் உட்கார்ந்திருந்தன. அவன் சொந்தப் பிள்ளைகள் பின்னாலேயே வந்தன. எல்லாம் சேர்ந்து உற்சாகமாகப் பாடிக்கொண்டிருந்தன.

"முதுகைப் பாரு, முதுகைப் பாரு, மூக்குப் பதிஞ்ச முதுகைப் பாரு!"

மஞ்சள்மூக்கன் கூனிக் குறுகிப் போனான். தன் பாட்டு தனக்கே இப்படிக் கேட்கும் என்று அவன் நினைத்ததில்லை.

"வாங்க பாட்டுக்காரரே" என்றான் அமுங்கி. "பிள்ளைங்களுக்கு இந்தப் பாட்டுன்னா உசிரு. அது யாரைப் பத்தினதுன்னு மட்டும் இன்னும் நான் சொல்லலை. என்னை அப்பான்னுதான் கூப்பிடுதுங்க. என் பேர் அதுங்களுக்குத் தெரியாது."

"அன்னிக்கு ஏன் நீ வாயைத் திறக்கலை?"

"திறந்திருந்தா இந்த ரெண்டும் இருந்திருக்குமா? நம்ம ஆளுங்க எல்லாரும் சண்டைச் சூட்டுல இருந்தாங்க. கோரைக்குள்ள என் கூட்டுலதான் ஒளிச்சு வெச்சிருந்தேன்."

மஞ்சள்மூக்கன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "அன்னிக்கு நான் சண்டையைப் பார்க்கவே இல்லை. பொந்துக்குள்ள இருந்தேன்."

"தெரியும். உங்க வால் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே? எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கலாமே."

"பயந்தவங்களைச் சொல்லிக்காட்டி என்ன ஆகப்போகுது?" என்றான் அமுங்கி. "எனக்கும்தான் அன்னிக்கு உடம்பெல்லாம் நடுக்கம்."

திட்டியிருந்தால்கூட மஞ்சள்மூக்கன் தாங்கியிருப்பான். இதைத் தாங்க முடியவில்லை. தன் மார்பைக் குனிந்து பார்த்தான். ஓர் இறகுகூடக் கலையாமல் பளபளவென்று இருந்தது. அதைப் பார்க்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"எழுந்து வாங்க" என்றான். அமுங்கியை அவன் மரியாதையாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

கரையில் எல்லோர் முன்னிலையிலும் மஞ்சள்மூக்கன் உள்ளதைச் சொன்னான். பொந்தையும் சொன்னான், வாலையும் சொன்னான். "புண் பார்க்கத் தெரியாதவன் நான். முதுகில் இருந்தால் ஓடினவன்னு பாடிட்டேன். அது எந்த மூக்கு குத்தின புண்ணுன்னு கேட்கலை" என்றான்.

அமுங்கியின் முதுகில் இருந்த பேரக்குஞ்சுகளைக் கருஞ்சிறகி மூக்கால் வருடினாள்.

நெடுங்காலர் தன் நீண்ட மூக்கைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார். "அன்னிக்கு என் மூக்கு நுனியில ஒரு தவிட்டு இறகு ஒட்டியிருந்துச்சு. தண்ணியில கறுப்பாத் தெரிஞ்சதை நீர்க்காகம்னு நினைச்சுக் குத்தினேன். ஆனா நீர்க்காகத்து இறகு கறுப்பு. அப்போ இது யாரோடதுன்னு நான் என்னையே கேட்டுக்கலை." அமுங்கியின் முன்னால் தலையைத் தாழ்த்தினார்.

அன்றோடு சண்டை ஓய்ந்தது. காலையில் ஒரு கூட்டமும் மாலையில் ஒரு கூட்டமும் மீன் பிடிப்பது என்று பேசி முடித்தார்கள். அமுங்கி குடும்பம் கோரைக்குத் திரும்பியது. புண் பார்க்கும் வழக்கத்தை அத்தோடு தலைமுழுகினார்கள்.

மஞ்சள்மூக்கன் ராப்பகலாக உட்கார்ந்து அமுங்கியைப் புகழ்ந்து ஒரு புதுப்பாட்டுக் கட்டினான். உண்மையான பாட்டு. நல்ல பாட்டும்கூட. பெரியவர்கள் தலையாட்டிக் கேட்டார்கள். குஞ்சுகளோ ஒரு வரி கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டன. சற்று நேரத்தில் கோரைப் பக்கமிருந்து பழைய பாட்டுத்தான் கேட்டது.

அதைக் கேட்கும்போதெல்லாம் பொந்துக்குள் ஓடி ஒளிய வேண்டும் போல் இருக்கும் மஞ்சள்மூக்கனுக்கு. ஆனால் ஒளியமாட்டான். கிளையிலேயே உட்கார்ந்து கடைசி வரி முடியும்வரை கேட்பான்.

நேரில் நில்லாத களத்தைக் கண்டதுபோல் பாடி ஒருவனைக் கோழையாக்காதே. வாயை விட்டுப் போன சொல், வெட்கப்பட்டு அழைத்தாலும் திரும்பி வராது.