பின்பக்கமா நடந்த செலின்

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தாளாம், அவ எப்பவும் பின்பக்கமாவே நடப்பாளாம். சிரிக்காத, நெசமாத்தான். ஊரு பாண்டிச்சேரி. அங்க கடலுக்குப் பக்கத்துல, பிரெஞ்சுக்காரங்க காலத்துல கட்டின மஞ்ச மஞ்ச வீடா ஒரு தெரு. வெளியூர்லேருந்து வர்றவங்கள அந்தத் தெருவுல நடத்திக் கூட்டிட்டுப் போயி, இது யாரு இருந்த வீடு, அது எந்தக் காலத்துத் தூணுன்னு கதை சொல்றதுதான் அவ வேலை. பேரு செலின். கூட வர்றவங்க மூஞ்சியப் பாத்துப் பேசணும்ல? அதனால முதுகு போற பக்கம் நடப்பா. சரக் சரக்குனு செருப்பு, லொட லொடன்னு வாய். வாய்னா அப்படி ஒரு வாய், உன்ன மாதிரியேதான். ம் சொல்லு.

ம்... அப்புறம், அவளுக்கு இன்னொரு பழக்கம். எதிர்ல நிக்கிறவங்களுக்கு வலதுன்னா அவளுக்கு இடதுல்ல? அதனால, "வலது பக்கம் பாருங்க"ன்னு சொல்லிட்டு அவ இடது கைய நீட்டுவா. வருஷக்கணக்கா இப்படியே நீட்டி நீட்டி, சோத்துத் தட்டு முன்னாடி உக்காந்தாக்கூட எது வலது கைன்னு ஒரு நிமிஷம் யோசிப்பாளாம்! தெருக்கோடியில ஒரு பேக்கரி. அங்க வந்ததும் எல்லாருக்கும் சூடா ரொட்டி வாங்கிக் குடுத்து, போயிட்டு வாங்கன்னு அனுப்பிடுவா. பேக்கரிக்கு அந்தாண்ட என்ன இருக்குன்னு அவ திரும்பிப் பாத்ததே இல்ல.

அப்போ ஒரு நாள் மத்தியானம், எங்கேயோ நடுக்கடல்ல ரியூனியன்னு ஒரு தீவு, அங்கேருந்து மரியான்னு ஒரு வயசான அம்மா வந்தாங்க. கருப்பா, நம்ம மொகந்தான், ஆனா பேச்செல்லாம் பிரெஞ்சு. நான் உனக்குத் தமிழ்லயே சொல்றேன்.

"பொண்ணே, எனக்கு ஊரெல்லாம் சுத்திக் காட்ட வேணாம். எங்கம்மா பொறந்த வீடு ஒண்ணு காட்டு, போதும்."

"எந்தத் தெரு? கதவு எண் என்ன?"

"தெரியாது. அம்மா சின்னப் புள்ளையிலேயே கப்பலேறிட்டாங்க. ஆனா தெனம் என்னைத் தூங்க வைக்கறப்போ ஒண்ணு சொல்லுவாங்க. 'தலைமாட்டுல கடல் கேக்கும், கால்மாட்டுல கோயில் மணி கேக்கும், வலது காதுல மாவடிக்கிற சத்தம் கேக்கும், அதுதான் என் வீடு.' அம்மா போயிட்டாங்க. அதுலேருந்து எனக்கு ஒழுங்காத் தூக்கமே இல்ல. அந்த எடத்துல ஒரு தடவ படுத்துக் கண்ண மூடணும். சாயந்திரம் கார் வந்துரும், ஊருக்குத் திரும்பணும்."

பாவம்ல? செலினுக்கும் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா வாய் நிக்குமா?

"மாவடிக்கிற சத்தமா? அது நம்ம பேக்கரிதான்! இன்னும் கையாலதான் அடிக்கிறாங்க. வலதுதானே? வாங்க!"ன்னு சொல்லிட்டு, இடது கைய நீட்டிக்கிட்டே கெளம்பிட்டா. ம்?

ம்... மொதல்ல பேக்கரிய ஒட்டின பெரிய வீடு. இப்ப அது ஓட்டல். கெஞ்சிக் கூத்தாடி ஒரு ரூம்புல மரியானப் படுக்க வெச்சா. கொய்ய்ய்ங்! ஏசி. அத நிறுத்தினா பக்கத்து ரூம்புல கொய்ய்ய்ங். கடலும் இல்ல, மணியும் இல்ல. "இது இல்ல பொண்ணே."

அப்புறம் ரெண்டாவது, அதுக்கடுத்த வீடு. இப்ப அது துணிக்கடை. ஜன்னலோரமா ஒரு பெஞ்சு. மரியான் படுத்தாங்க. தலைமாட்டுல ஸோ... ஸோ... கடல்! கால்மாட்டுல டாண், டாண், கோயில் மணி! அப்புறம் டொப்பு டொப்புனு மாவும் கேட்டுச்சு. செலின் குதிச்சா. "இதேதான்! இதேதான்!" மரியான் எந்திரிச்சு உக்காந்து தலைய ஆட்டினாங்க. "மாவு இடது காதுல கேக்குது."

"சின்னப் புள்ளையில போனவங்க, வலது இடது மறந்திருப்பாங்க. இந்த வீட்டுக்கு ஒரு கதை இருக்கு, கேளுங்க, ஒரு துரைசாணி..."

"எங்கம்மா மறக்கல. நீ கொஞ்சம் பேசாம இரேன், தாயே."

அதுதாண்டா மூணாவது சோதனை. எல்லாத்தையும் விடப் பெருசு அதுதான். செலின் வாய மூடினா. உதட்டக் கடிச்சுக்கிட்டு நின்னா. தெருவே அமைதியாச்சு. இத்தனை வருஷத்துல அந்தத் தெருவோட சத்தத்த அவ கேட்டதே இல்ல! ஸோ... டாண்... டொப்பு... அப்பத்தான் குனிஞ்சு தன் கையப் பாத்தா. இடது கை நீட்டியபடியே இருந்துச்சு.

"அய்யய்யோ, நாந்தான் பக்கத்த மாத்திட்டேன், பேக்கரிக்கு அந்தாண்டல்ல போயிருக்கணும்"னு முணுமுணுத்தா. மரியான் கையப் புடிச்சுக்கிட்டா. திரும்பினா. எல்லாரையும் போல முன்பக்கமா நடந்தா. ஓட்டல் தாண்டி, பேக்கரியும் தாண்டி.

அங்க ஒரு சின்ன வீடு. தூணும் இல்ல, மஞ்சச் சுண்ணாம்பும் இல்ல. வாசல்ல பொன்னுரங்கம்னு ஒருத்தி துணி காயப்போட்டுட்டு இருந்தா. செலின் விஷயத்தச் சொன்னா, சுருக்கமா. பொன்னுரங்கம் உள்ள போயி பாய விரிச்சு, கடல் இருக்கிற கெழக்குப் பக்கமாத் தலகாணியப் போட்டா. "எங்க வீட்ல எல்லாருமே இப்படித்தான் தலை வெப்போம். படுங்கம்மா."

மரியான் படுத்தாங்க. தலைமாட்டுல ஸோ... ஸோ... கால்மாட்டுல டாண்... வலது காதுல, பக்கத்துச் செவுத்துலேருந்து, டொப்பு... டொப்பு...

"அம்மா"ன்னாங்க. கண்ணோரம் தண்ணி வழிஞ்சு தலகாணியில எறங்குச்சு. அப்புறம் மூச்சு சீரா வந்துச்சு. தூங்கிட்டாங்க.

அப்போ வெளிய பாம், பாம்! கார் வந்துருச்சு. செலின் ஓடிப்போயி டிரைவர் ஜன்னல்ல தலைய விட்டா. என்ன சொன்னா? ஒண்ணுமே சொல்லல. உதட்டு மேல வெரல வெச்சா, அவ்வளவுதான். டிரைவரும் உள்ள எட்டிப் பாத்துட்டு வண்டிய அணைச்சுட்டான். அந்தம்மாவுக்குப் பசி எடுத்து முழிப்பு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் வாசப்படியில உக்காந்து ரொட்டி தின்னாங்க.

அதுலேருந்து செலின் யாரக் கூட்டிட்டு வந்தாலும் பேக்கரியத் தாண்டி ஒரு வீடு கூடுதலா நடப்பா. அங்க கதையே சொல்ல மாட்டா. எல்லாரையும் நிக்க வெச்சுக் கேக்கச் சொல்லுவா.

ம் சொல்லு. ம் வரலியே... சரி, கேட்டுக்கோ. உன் தலைமாட்டுல ஃபேன் ஓடுது, கிரிக் கிரிக்குனு. கால்மாட்டுல கொழாய் சொட்டுது. வலது காதுல நான் பேசுறேன். நீ எந்தத் தீவுக்குப் போனாலும் இத மறக்காத, கண்ணு. கதை காலை நீட்டிப் படுத்துருச்சு, நீயும் தூங்கு.