வாய் நிறைய வெத்தலை

சவக் சவக்... சவக் சவக்... கேக்குதா கண்ணு? மாடு இல்ல. ராஜா வெத்தலை மெல்லுறாரு.

ஒரு ஊர்ல ஒரு ராஜா. ஒரு ஊர்னா ஒரே ஊர் இல்ல, முன்னூறு ஊர். மலைக்காரங்க, கடல்காரங்க, மணல்காட்டுக்காரங்க, எல்லாருக்கும் அவர்தான். பேரு எண்டிசைகொண்டான். எட்டுத் திசையும் அவருதுதான், ஆனா வடக்கு எதுன்னு கேட்டா மந்திரி மூஞ்சியப் பார்ப்பாரு. ம் சொல்லு.

நல்லா வாள் சுத்துவாரு. வாயத் திறந்தாதான் வம்பு. விருந்துக்கு வந்த பக்கத்து நாட்டு ராஜாவோட மீசையப் பார்த்து, "கரப்பான்பூச்சி உக்காந்திருக்கு"ன்னுட்டாரு. மூணு மாசம் சண்டை. அதுலதான் செவந்தாயி புருசன் சடையனுக்கு ஒரு காது போச்சு.

செவந்தாயி யாரு? ராஜாவுக்கு வெத்தலை மடிச்சுக் கொடுக்கிறவ. சடையன் படைக்கு முன்னாடி நின்னு கொம்பு ஊதுறவன். "அடுத்த சண்டைக்குத் தலைதான் புள்ள"ன்னு சிரிச்சான். அவ சிரிக்கல.

அப்புறம் ஒரு நாள் மலைக்காரங்க வந்தாங்க. திடுதிடுதிடுன்னு ஏறி வந்து, ராஜா தோளில பொத்துன்னு ஒரு அடி. அது அவங்க ஊர் வணக்கம். ராஜாவுக்குக் கண்ணு செவந்து போச்சு. "இவன் கையை..."ன்னு ஆரம்பிச்சாரு. லபக். செவந்தாயி வெத்தலையைத் திணிச்சுட்டா. "ம்"னாரு ராஜா. மலைத்தலைவன் சொன்னான், "வணக்கத்தை ஏத்துக்கிட்டாரு." போயிட்டாங்க.

அப்புறம் கடல்காரங்க. ஒரு கூடை கருவாடு காணிக்கை. சபையே மூக்கைப் பொத்திக்கிச்சு. "இந்த நாத்தத்தை..."ன்னாரு ராஜா. லபக். "ம்." "ராஜாவுக்குப் பிடிச்சிருக்கு, அடுத்த தடவை ரெண்டு கூடை"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

முழிச்சிருக்கியா? ம்.

அப்போ மூணாவதா மணல்காட்டுக்காரங்க வந்தாங்க, ஈட்டியோட. ராஜா ராத்திரியே முடிவு பண்ணிட்டாரு, அவங்க பாஷையை இனிமே யாரும் பேசக்கூடாதுன்னு சொல்லப் போறாரு. சேதி கசிஞ்சுதான் அவங்க ஈட்டியோட வந்திருக்காங்க. சொன்னா சண்டைதான். வாசல்ல சடையன் கொம்போட தயாரா நிக்கிறான்.

செவந்தாயி வெத்தலைத் தட்டை நீட்டினா. "வேணாம் போ. இன்னைக்கு நான் பேசணும்"னாரு ராஜா.

அவ சொன்னா, "ஒரு வாய் போட்டுக்கிட்டா குரல் கணீர்னு வரும் மகராசா."

அவருக்கு அவர் குரல்மேல கொள்ளை ஆசை. "சரி, சீக்கிரம் கொடு."

அவ சுண்ணாம்பை ரெண்டு விரலால வழிச்சா. சும்மா இல்ல, ஒரு எலுமிச்சங்கா அளவு. தடவி, மடிச்சு, லபக்.

அப்போ மணல்காட்டுக் கிழவி ஒருத்தி எழுந்தா. கூட வந்தவன் அவ பேச்சை ராஜா பாஷைக்கு மாத்திச் சொன்னான். "எங்க பாஷையில மழைக்கு ஒன்பது பேரு. உங்க பாஷையில ஒண்ணு. மிச்ச எட்டு மழையை நாங்க என்னன்னு கூப்பிடுறது?"

ராஜா வாயத் திறந்தாரு. சுர்ர்ர். நாக்கு வெந்து போச்சு. பேச்சு வரல, கண்ணுலேருந்து பொலபொலன்னு தண்ணிதான் வந்துது.

கிழவி கிட்ட வந்து பார்த்தா. "எங்க மழைக்காக ஒரு ராஜா அழுறான்"னா. டங், டங், டங்னு ஈட்டி எல்லாம் கீழ விழுந்துது. சடையன் கொம்பைத் தோள்ல மாட்டிக்கிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போயிட்டான்.

ஏழு நாள் ராஜாவுக்குப் பேச்சில்ல. யார் வந்து என்ன சொன்னாலும் "ம்"தான். எட்டாம் நாள் செவந்தாயியைக் கூப்பிட்டாரு.

"அன்னைக்குச் சுண்ணாம்பு ஜாஸ்தி."

"கை தவறிடுச்சு மகராசா."

"ஏழு நாளா நான் ஒண்ணும் சொல்லல."

"ஆமாங்க."

"ஏழு நாளா ஒரு ஊர்லயும் அடிதடி இல்ல. புலவனுங்க நான் பெரிய ஞானின்னு பாட்டு கட்டுறானுங்க." அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாரு, "இனிமே நான் பேச வாயெடுத்தா, கொஞ்சமா கை தவறட்டும்."

அப்படித்தான் நாப்பது வருசம் ஆண்டாரு.

கதை வாயை மூடிக்கிச்சு, நீ கண்ணை மூடு. செவந்தாயி அடுத்த வெத்தலையை எடுத்து, முந்தானையில துடைச்சு, காம்பைக் கிள்ளிப் போட்டா.