கர்ணனைக் குறைத்த கூத்து

முன்னொரு காலத்தில் பொழில்நாடு என்றொரு நாட்டை மானவேலன் என்கிற ராஜா ஆண்டுவந்தான். வீரத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பொறுமையில்தான் ஐயாவுக்குக் கொஞ்சம் பஞ்சம்.

அந்த வருஷம் பக்கத்து நாட்டு அரசன் கோளரியோடு பெரிய யுத்தம். நாள்கணக்கில் இழுத்த யுத்தத்தில் கடைசியில் மானவேலன் ஜெயித்தான். ஜெயித்த கையோடு கோளரியின் அம்பு ஒன்றையும் இடது தோளில் வாங்கிக்கொண்டு வந்தான். அந்தக் காயத்தை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று எந்நேரமும் பட்டுச் சால்வையால் மூடியே வைத்திருந்தான்.

கோளரி சிறையில் இருந்தான். "உங்களை அரசராகவே நடத்தி ஊருக்கு அனுப்புவோம், இது என் வாக்கு" என்று போர்க்களத்தில் அமைச்சர் உலகநம்பி சொன்ன பிறகுதான் அவன் வாளைக் கீழே வைத்திருந்தான். அந்த வாக்கு அமைச்சரின் நெஞ்சில் கல்லாகக் கனத்தது. காரணம், வல்லபராயர்.

வல்லபராயர் அரண்மனை அதிகாரி. கவசம் போட்டுக்கொள்வது ஊர்வலத்துக்கு மட்டும். யுத்தம் முடியும்வரை அவருக்கு வயிற்றுவலி. முடிந்த மறுநாளே சபைக்கு வந்து, "மகாராஜா, அந்தக் கோளரிப் பயலுக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றுவோம்! அமைச்சர் கொடுத்த வாக்கா? அவர் யார் வாக்குக் கொடுக்க?" என்று தூபம் போட்டார்.

அந்நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. யுத்தத்தில் ஜெயித்தால் அரண்மனை முற்றத்தில் பகலிலேயே பாரதக் கூத்து நடக்கும். கர்ணனும் அர்ச்சுனனும் மோதும் கட்டம்தான் ஆடுவார்கள். அர்ச்சுனன் வேஷக்காரனுக்கு ராஜாவே தன் கையால் கிரீடம் கட்டிவிடுவார்.

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றான் ராஜா. "ஜெயிக்கிறவன் அர்ச்சுனன். ஜனங்களோ கர்ணன் விழுந்ததும் குலுங்கிக் குலுங்கி அழுகிறார்கள். ஜெயித்தவனை ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டு பேரில் யார் பெரியவன்? இந்தக் கூத்திலேயே தீர்த்துவிடுங்கள்."

வல்லபராயர் முந்திக்கொண்டார். "இதிலென்ன சந்தேகம்? கவசத்தையும் குண்டலத்தையும் கழற்றினால் கர்ணன் வெறும் சோளக்கொல்லைப் பொம்மை. கூத்தில் அவனை நன்றாகக் குறைத்துக் காட்டச் சொல்லுங்கள், அர்ச்சுனன் தானாக உயர்ந்து தெரிவான். கூத்து முடிந்ததும் நம் ஊர்க் கர்ணனைக் கழுதையில் ஏற்றலாம்."

ராஜாவுக்கு வாயெல்லாம் பல். "அமைச்சரே, நீர் என்ன சொல்கிறீர்?"

உலகநம்பிக்கு உள்ளே பதறியது. முகத்தில் காட்டவில்லை. "அப்படியே செய்துவிடலாம் மகாராஜா. கூத்தைப் பார்த்துவிட்டே கோளரிக்கும் தீர்ப்புச் சொல்லுங்கள்" என்றார்.

மறுநாள் காலை முற்றத்தில் எள் விழ இடமில்லை. ராஜா கட்டிவிட்ட கிரீடம் மின்ன, தேர்மேல் வந்து நின்றான் அர்ச்சுனன். கண்ணன் குதிரையை ஓட்டினான். மத்தளம் அதிர்ந்தது.

எதிரே கர்ணன் வந்தான். அது யாரென்று நினைக்கிறீர்கள்? கட்டியங்காரன் வேஷம் போட்டு ஊரைச் சிரிக்கவைக்கும் சின்னாண்டி! தலையில் ஓலைக் கிரீடம், கையில் விளக்குமாற்று வில். தேரைப் பார்த்ததும் தொப்பென்று விழுந்து, "ஐயோ சாமி, அடிக்காதீங்க! ஓடலாம்னு பார்த்தா வேட்டி அவுந்துபோச்சு!" என்று கும்பிட்டான்.

ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராஜாவும் தொடையைத் தட்டிச் சிரித்தான். அர்ச்சுனன் பாடம் பண்ணியபடி வீரவசனம் முழங்கி, காண்டீபத்தை வளைத்தான்.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "ஏன்யா, இந்தப் பயல அடிக்கவா இம்மாம் பெரிய வில்லு? எங்க வீட்டுத் துடைப்பக்கட்டை போதாதா?"

"தேரோட்ட சாமி வேற வரணுமாக்கும்!" என்றான் இன்னொருவன்.

இப்போது சிரிப்பு அர்ச்சுனன் பக்கம் திரும்பிவிட்டது. வேஷக்காரனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. தேரைவிட்டு இறங்கி வந்து, கிரீடத்தைக் கழற்றி ராஜாவின் காலடியில் வைத்தான். "மகாராஜா, தாங்கள் கட்டிவிட்டது. இவனை ஜெயித்து இதைத் தலையில் வைத்துக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது."

ராஜா துள்ளி எழுந்தான். "என் அர்ச்சுனனை இப்படிக் கேவலப்படுத்தியது யார்?"

உலகநம்பி முன்னால் வந்து வணங்கினார். "அர்ச்சுனனை நாங்கள் தொடவே இல்லை மகாராஜா. அதே தேர், அதே வில், அதே வசனம். கர்ணனை மட்டும்தான் குறைத்தோம்."

அவர் ராஜாவின் பட்டுச் சால்வையைப் பார்த்தார்.

"தங்கள் தோளில் இருக்கும் காயம் யார் கொடுத்தது மகாராஜா?"

"கோளரி" என்றான் ராஜா மெதுவாக.

"அவரைக் கழுதைமேல் ஏற்றினால் ஊர் முதலில் அவரைப் பார்த்துச் சிரிக்கும். அப்புறம், 'இந்த ஆளிடமா நம் ராஜா இத்தனை நாள் மல்லுக்கட்டினார்?' என்று கேட்கும்."

ராஜா அந்தக் காலிக் கிரீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு திரும்பி, "கோளரியின் விலங்கைக் கழற்றுங்கள். என் யானைமேல் அழைத்து வாருங்கள். வழக்கமான கர்ண வேஷக்காரனை வேஷம் கட்டச் சொல்லுங்கள்" என்றான். வல்லபராயர் நைசாக நழுவப் பார்த்தார். "நில்லும் ஐயா! அந்த ஓலைக் கிரீடம் சும்மா கிடக்கிறதே. கூத்து முடியும்வரை உம் தலையில் இருக்கட்டும்." சபையே பார்க்க அதை வைத்துக்கொண்டு அசடு வழிய உட்கார்ந்தார் மனிதர்.

கூத்து மறுபடி தொடங்கியது. இந்த முறை ராஜா முதலில் கர்ணனுக்குக் கிரீடம் கட்டினான், பிறகு அர்ச்சுனனுக்கு. அம்புக்கு அம்பு, சொல்லுக்குச் சொல் என்று இருவரும் பொருதியபோது முற்றமே மூச்சுவிட மறந்தது. கர்ணன் விழுந்ததும் முதலில் அழுதவன் மானவேலன். கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் எழுந்து அர்ச்சுனனுக்குக் கைதட்டியவன் கோளரி.

"அமைச்சரே, என்ன வேண்டும், கேளும்" என்றான் ராஜா.

"என் வாக்கைக் காப்பாற்றிவிட்டீர்கள். அது போதும்."

விடைபெறும்போது கோளரி, "என்னை ஜெயித்தது யாரென்று என் நாட்டில் கேட்டால் தலைநிமிர்ந்து சொல்வேன்" என்றான்.

அன்றோடு மானவேலன் சால்வை போர்த்துவதை விட்டான். தேசாந்திரி யார் வந்தாலும் இடது தோளைத் திருப்பிக் காட்டி, "இது யார் போட்ட தழும்பு தெரியுமா? கோளரி! சாமானியப்பட்டவன் இல்லை!" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்வான்.